சிவப்புக் கோட்டைக் கண்டு சிந்தை கலங்கலாமா?



அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டில் கேம் ஆடுவதற்கென்று ஆசை ஆசையாய் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து வைத்திருக்கும் நம் நண்பர்கள் பலரை இப்போது அப்படி அரள வைக்கும் பேய் ஒன்று உண்டு. லேட்டன்சி ஸ்பைக் என்பது அதன் பெயர். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. கேமும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் தாமதத்தை அளக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை யாரோ சொல்லக் கேட்டு இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். பச்சையாக இருந்த கோடு ஒரு மணி நேரத்தில் ஒருமுறை எகிறிச் சிவப்பாகிவிடுகிறது. அன்றோடு தூக்கம் போச்சு!

இது வெறும் பயமாக நின்றால் பரவாயில்லை. அது வீட்டுப் பணத்திலும் கை வைக்கிறது, செமஸ்டர் படிப்பிலும் கை வைக்கிறது. எந்தத் துள்ளல் உண்மையான கோளாறு, எது கம்ப்யூட்டரின் இயல்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் இரண்டையும் காப்பாற்றலாம். மூன்றாமாண்டு எலெக்ட்ரானிக்ஸ் மாணவன் என்ற முறையில் நான் படித்தும், நண்பர்களின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அளந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

தாமதம் இருவகை

லேட்டன்சி என்றால் தாமதம். ஒரு வேலையைச் செய் என்று சொன்ன நேரத்துக்கும் அது நடந்து முடியும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. எப்போதும் ஒரே அளவாக இருக்கும் சிறு தாமதம் நம்மை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கை அதற்குப் பழகிவிடும். திடீரென்று ஒரு கணம் மட்டும் எகிறிக் குதிப்பதைத்தான் ஸ்பைக் என்கிறோம். இக்கட்டுரையில் அதைத் துள்ளல் என்றே சொல்லப் போகிறேன்.

'லாக் ஆகுது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே ஏற்படும் தாமதம். படம் ஒரு கணம் உறைவது, ஒலி 'கர்ர்' என்று அறுபடுவது, மவுஸ் திக்குவது எல்லாம் இதன் அடையாளங்கள். மற்றொன்று, இன்டர்நெட் வழியில் ஏற்படும் தாமதம். இதில் படம் தடையின்றி ஓடும். ஆனால் இங்கே நின்ற எதிராளி சட்டென்று அங்கே தோன்றுவான், நாம் சுட்ட குண்டு படவே படாது. முதல் வகையைப் பற்றித்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம். இரண்டாவதைக் கடைசியில் சுருக்கமாகத் தொடுவோம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நம் வொர்க்ஷாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட்ரக்டர் லேத்தில் ஒரு ஜாப் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் பியூன் சர்க்குலரோடு வந்து நிற்கிறார். இன்ஸ்ட்ரக்டர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, சர்க்குலரில் ஒரு கையெழுத்துப் போட்டுப் பியூனை அனுப்புகிறார். அதில் செய்யச் சொல்லியிருக்கும் வேலையை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து மேஜைமேல் வைக்கிறார். மேஜைமேல் இருக்கும் சீட்டு வேலைகளை முடித்த பிறகுதான் லேத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அந்த வொர்க்ஷாப்பின் விதி என்று வைத்துக்கொள்வோம்.

இன்ஸ்ட்ரக்டர்தான் பிராசஸரின் ஒரு கோர். லேத் ஜாப் என்பது நம் கேம். பியூன் வந்து நிற்பது இன்டரப்ட். நெட்வொர்க் கார்டு, கிராபிக்ஸ் கார்டு, மவுஸ், டிஸ்க் என்று ஒவ்வொரு சாதனமும் பிராசஸரை இப்படித்தான் கூப்பிடுகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புகிற அவசர வேலைக்கு விண்டோஸில் ஐ.எஸ்.ஆர். என்று பெயர், அதாவது இன்டரப்ட் சர்வீஸ் ரொட்டீன். சீட்டில் குறித்து வைத்த மீதி வேலைக்கு டி.பி.சி. என்று பெயர், அதாவது டெஃபர்டு புரொசீஜர் கால். மைக்ரோபிராசஸர் பாடத்தில் 8085-ஐப் படித்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. டிராப், ஆர்.எஸ்.டி. 7.5 என்று நாம் உருப்போட்டதெல்லாம் இதே குடும்பம்தான்.

ஒரு டி.பி.சி. ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கோரில் கேமும் ஓட முடியாது, ஒலியை அனுப்பும் புரோகிராமும் ஓட முடியாது. ஆகவே அதைச் சட்டென்று முடிக்க வேண்டியது டிரைவர் எழுதுபவரின் கடமை. ஐ.எஸ்.ஆர். 25 மைக்ரோ செகண்டுக்கு மேலும், டி.பி.சி. 100 மைக்ரோ செகண்டுக்கு மேலும் ஓடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழிகாட்டுகிறது. ஆனால் அந்த அளவைத் தாண்டிய உடனே விண்டோஸ் தண்டித்துவிடுவதில்லை. அதன் சொந்த வரம்பு இதைவிட மிக மிகப் பெரியது. அதையும் மீறினால்தான் 'டி.பி.சி. வாட்ச்டாக் வயலேஷன்' என்று பிழைத் திரையைக் காட்டிக் கம்ப்யூட்டர் நின்றுபோகும்.

டிரைவரைத் தவிரத் தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, ஹார்டு பேஜ் ஃபால்ட். புரோகிராமுக்கு வேண்டிய ஒரு பகுதி ராமில் இல்லாமல் டிஸ்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தால், அது வந்து சேரும்வரை புரோகிராம் காத்திருக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்டு எடுக்கும். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி செகண்டு காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரம் இதற்கு மேல் தனி. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு மில்லி செகண்டில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. வேலை இல்லாத நேரத்தில் பிராசஸரின் கோர்கள் தூங்கப் போகும். எவ்வளவு ஆழ்ந்த தூக்கமோ, எழுப்புவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில்கூடத் துள்ளல் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, மதர்போர்டின் ஃபர்ம்வேர். விண்டோஸுக்கே தெரியாமல் பிராசஸரைச் சிறிது நேரம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட் என்பது இதுதான்.

கெடு என்னும் அளவுகோல்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஒரு தாமதம் பெரிதா சிறிதா என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. எந்த வேலை, அதற்கு என்ன கெடு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உள்ள கெடு: 1000 ÷ 60 = 16.67 மில்லி செகண்டு.

144 ஹெர்ட்ஸ் மானிட்டரில்: 1000 ÷ 144 = 6.94 மில்லி செகண்டு.

நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் போகும் ஒலியில், 480 சாம்பிள் கொண்ட பஃபர் காலியாக ஆகும் நேரம்: 10 மில்லி செகண்டு.

அதே வேகத்தில் 64 சாம்பிள் பஃபர் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்பவருக்கு: 1.33 மில்லி செகண்டு.

ஒரு கம்ப்யூட்டரில் 1.5 மில்லி செகண்டு நீளத்துக்கு ஒரே ஒரு துள்ளல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டுப் பதிவு செய்பவரின் பஃபர் அதற்குள் காலியாகி, பதிவில் ஒரு 'டிக்' சத்தம் விழுந்துவிடும். அவருக்கு அது பெரிய நஷ்டம். அதே துள்ளல் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேம் ஆடுபவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. துள்ளல் ஒன்றுதான், கெடுதான் வேறு.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக இன்னொரு உதாரணம். லினக்ஸ்சி.என்.சி. என்ற இலவச சாஃப்ட்வேரைக் கொண்டு சாதாரண கம்ப்யூட்டரையே சி.என்.சி. மெஷினை ஓட்ட வைக்கலாம். ஸ்டெப்பர் மோட்டாருக்கான துடிப்புகளைக் கம்ப்யூட்டரே நேரடியாக அனுப்பும் முறையில், தாமதத்தின் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் சுமார் 15 முதல் 20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் மிக நன்றாக ஓடும் என்று அதன் கையேடு சொல்கிறது. இங்கே உச்ச எண்தான் எல்லாமே! ஒரே ஒரு துடிப்பு தவறினாலும் டூல் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. ஜாப் ஸ்கிராப் ஆகிவிடும். அதனால்தான் இத்தகைய வேலைக்கு ரியல் டைம் வசதி கொண்ட லினக்ஸைப் பயன்படுத்துகிறார்கள். பல ஆண்டுகள் தனியாக வளர்ந்துவந்த அந்த வசதி, 2024-ல் வெளியான 6.12 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் பொது உபயோகத்துக்கு உரியது. எல்லா வேலையையும் மொத்தத்தில் நன்றாகச் செய்வது அதன் குறிக்கோள். இத்தனை மைக்ரோ செகண்டுக்குள் கட்டாயம் முடிப்பேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை மீறிவிட்டதே என்று நாம் கண்ணீர் விட்டால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் ஓட்டிப் பார்க்கும் லேட்டன்சிமான் என்ற சாஃப்ட்வேர், ஒரு கம்ப்யூட்டர் நேரடி ஒலி வேலைக்குத் தகுதியானதா என்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. ரெஸ்ப்ளெண்டென்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. அது சிவப்பைக் காட்டும்போது சொல்வது ஒலிக்கான எச்சரிக்கை. கேமுக்கும் அதே தீர்ப்பு என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

உச்ச எண்ணின் குணம்

ஊரில் இதுவரை ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்த எண் என்றைக்காவது குறையுமா? குறையாது. ஒன்று அப்படியே நிற்கும், அல்லது ஏறும். எத்தனை வருஷம் அளக்கிறோமோ அத்தனைக்கு அது பெரிதாகும் வாய்ப்பும் கூடும். லேட்டன்சிமான் காட்டும் 'ஹையஸ்ட்' என்ற எண்ணும் இதே ஜாதி. பத்து நிமிஷம் ஓட்டினால் ஒரு எண், இரவு முழுக்க ஓட்டினால் அதைவிடப் பெரிய எண். இரவில் விண்டோஸ் அப்டேட் இறங்கியிருக்கும், வைரஸ் ஸ்கேன் ஓடியிருக்கும், வைஃபை பக்கத்து வீட்டு சிக்னலையெல்லாம் தேடியிருக்கும். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணைக் காட்டினால், அது நம் கேமைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

எனவே உச்ச எண்ணோடு நிற்காமல் அடுத்த பக்கங்களையும் பார்க்க வேண்டும். ஸ்டாட்ஸ் என்ற பக்கத்தில், எத்தனை டி.பி.சி.க்கள் எந்தக் கால அளவுக்குள் முடிந்தன என்று வகை பிரித்துக் கொடுத்திருக்கும். டிரைவர்ஸ் என்ற பக்கத்தில், ஒவ்வொரு டிரைவரும் எத்தனை தடவை ஓடியது, அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுத்தது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று இருக்கும். மேத்ஸ் சார் புள்ளியியல் நடத்தும்போது சராசரி, பரவல் என்று சொன்னதெல்லாம் இங்கேதான் உபயோகப்படுகிறது. லட்சத்தில் ஒன்று தாண்டியதா, நூற்றில் பத்து தாண்டியதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டு தீர்ப்புகள்

என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சீட்டு எடுத்த பணத்தில் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் சந்தோஷமாக ஆடினான். பிறகு லேட்டன்சிமான் ஓட்டிப் பார்த்தான், சிவப்பு. விண்டோஸை மூன்று தடவை அழித்து ஏற்றினான், மறுபடியும் சிவப்பு. இரண்டு சைக்கிள் டெஸ்ட் அந்தக் களேபரத்திலேயே போயின. மதர்போர்டு மாற்ற 14,000 ரூபாய் வேண்டும் என்று வீட்டில் கேட்டான். அவன் அப்பாவும் ஒரு கேட் வேலைக்கு அட்வான்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். இந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வந்தான்.

"மச்சான், போர்டு போச்சுடா."

"ஆடும்போது எங்கயாவது நின்னுச்சா?"

"இல்ல."

"சவுண்டு கட்டாச்சா? மவுஸ் திக்குச்சா?"

"இல்லடா. ஆனா சிவப்பா காட்டுதே!"

அவனை வழக்கம்போல ஆடச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். படம் நின்றதாக அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கடைசியில் ஸ்டாட்ஸ் பக்கத்தைத் திறந்தோம். லட்சக்கணக்கான டி.பி.சி.க்களில் ஒரு மில்லி செகண்டைத் தாண்டியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் 1.3 மில்லி செகண்டு. அவனுடையது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். இரண்டு மணி நேரத்தில் 144 × 7200 = 10,36,800 படங்கள். அதில் ஒரு படத்தின் 6.94 மில்லி செகண்டு கெடுவில் 1.3 மில்லி செகண்டு போயிருக்கிறது. அந்தத் துள்ளல் கேம் ஓடும் கோரிலேயே விழுந்திருந்தால்தான் அதுவும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றில், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்! இதற்கா ஒரு கேட்டின் அட்வான்ஸ்? கணக்கைப் பேப்பரில் பார்த்ததும் அவனே சிரித்துவிட்டான். போர்டு மாறவில்லை. பணம் பட்டறையிலேயே தங்கியது.

அடுத்தது நேர்மாறான கதை. முதலாமாண்டுத் தம்பி ஒருவன் வந்து, "அண்ணா, ஆடும்போது ஹெட்போன்ல கர்ர்னு சத்தம் வருதுண்ணா. படமும் லேசா நிக்குது. விண்டோஸ்னா அப்படித்தான்னு சொல்றாங்க, அப்படியாண்ணா?" என்று கேட்டான். அவன் கம்ப்யூட்டரில் நிமிஷத்துக்குப் பல தடவை 10 மில்லி செகண்டை எட்டும் துள்ளல்கள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஒரே டிரைவர்தான் முதலிடம். அது வைஃபை அடாப்டரின் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை நிறுத்தினோம், சத்தம் நின்றது. திரும்பப் போட்டோம், சத்தம் வந்தது. அடாப்டர் செய்த நிறுவனத்தின் புதிய டிரைவரைப் போட்டதும் அடியோடு போய்விட்டது. செலவு ஒரு பைசா இல்லை. இங்கே 'விண்டோஸ்னா அப்படித்தான்' என்று விட்டிருந்தால் அவன் வருஷம் முழுக்க அந்தச் சத்தத்தோடு காலம் தள்ளியிருப்பான்.

பயப்படுவதும் தப்பில்லை, பயப்படாமல் இருப்பதும் தப்பில்லை. அளக்காமல் இரண்டில் ஒன்றைச் செய்வதுதான் தப்பு.

உலகறிந்த ஓர் உதாரணம்

எப்போதாவது வரும் துள்ளல் எல்லாமே பிரமை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸர் உள்ள சில கம்ப்யூட்டர்கள், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எப்போதாவது ஒரு கணம் உறைவதாகவும் ஒலி தடுமாறுவதாகவும் பலர் புகார் செய்தார்கள். 2022 மார்ச்சில் அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதி, மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் மெமரியோடு நீண்ட பரிமாற்றம் செய்யும்போது கம்ப்யூட்டர் சிறிது நேரம் நிற்கிறது என்று விளக்கமும் கொடுத்தது. திருத்திய பயாஸ் 2022 மே முதல் வரத் தொடங்கும் என்றும் அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. புகார் செய்தவர்கள் கண்ணாலும் காதாலும் உணர்ந்து சொன்னார்கள். ஒரு மீட்டரின் நிறத்தை வைத்துச் சொல்லவில்லை. அடுத்து, உண்மையான கோளாறாக இருந்தும்கூடத் தீர்வு ஃபர்ம்வேரில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் அவசரப்பட்டுப் பாகங்களை மாற்றியவர்களின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாமே சோதிப்பது எப்படி?

1. முதலில் மீட்டரை மூடிவிட்டு ஒரு மணி நேரம் வழக்கம்போல ஆடுங்கள். படம் உறைந்தாலோ ஒலி அறுந்தாலோ உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குறிக்க வேண்டியிருக்கவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ரெக்கார்டு நோட்டை எழுதப் போகலாம்.

2. ஏதாவது குறித்திருந்தால் அடுத்த தடவை ஃபிரேம் டைம் வரைபடத்தோடு ஆடுங்கள். இன்டெல் வெளியிடும் பிரசென்ட்மான் இதற்கு உதவும். எஃப்.பி.எஸ். சராசரியை மட்டும் பார்த்தால் துள்ளல் அதில் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

3. துள்ளல் வரும் தினுசைக் கவனியுங்கள். புதிய இடத்துக்கோ புதிய காட்சிக்கோ போகும்போது முதல் தடவை மட்டும் வந்து, மறுபடி போகும்போது வராவிட்டால் அது பெரும்பாலும் கேம் தன் ஷேடர்களைத் தயார் செய்யும் நேரம், அல்லது டிஸ்கிலிருந்து படிக்கும் நேரம். ஒரே சீரான இடைவெளியில் வந்தால் ஏதோ ஒரு புரோகிராம் கடிகாரம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. வெப்பநிலை காட்டும் புரோகிராம், வண்ண விளக்குகளை ஆட்டும் புரோகிராம் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

4. பிறகுதான் லேட்டன்சிமான். படம் உறைந்த நிமிஷமும் மீட்டர் எகிறிய நிமிஷமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சிவப்புக்கும் உங்கள் கேமுக்கும் சம்பந்தம் இல்லை.

5. ஒத்துப்போனால், டிரைவர்ஸ் பக்கத்தில் முதலில் நிற்பது யார் என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வைஃபையை நிறுத்திப் பாருங்கள், புளூடூத்தை நிறுத்திப் பாருங்கள், பவர் பிளானை மாற்றிப் பாருங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது மருந்து என்று தெரியாமல் போகும். லேபில் ஒரு ரெசிஸ்டரை மட்டும் மாற்றி ரீடிங் எடுக்கிறோமே, அதே முறைதான்.

6. டிரைவரைப் புதுப்பிக்கும்போது சாதனம் செய்த நிறுவனத்திடமிருந்தே எடுங்கள். புதியது இன்னும் மோசமாக இருந்தால் பழையதற்குத் திரும்பவும் தயங்க வேண்டாம்.

7. பயாஸ் புதுப்பிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். பாதி வேலையில் கரண்ட் போனால் போர்டு உயிரை விட்டுவிடக்கூடும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் செய்யாதீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் வேளையில் யு.பி.எஸ். இருந்தாலும் பொறுத்துச் செய்யுங்கள்.

காசு கொடுத்துப் பாகம் மாற்றுவது இந்த ஏழுக்கும் பிறகுதான். அதற்குள் விடை கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

லைன் தாமதம் பற்றி ஒரு சொல்

படம் உறையாமல் ஓடி, எதிராளி மட்டும் தாவினால் மேலே சொன்னதில் எதுவும் உதவாது. அது லைன் சமாச்சாரம். ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்வர 5,800 கிலோமீட்டர். ஆகவே குறைந்தது 29 மில்லி செகண்டு. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் இன்னும் கூடும். கேம் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், எத்தனை விலை உயர்ந்த கம்ப்யூட்டராலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. இயற்கை விதித்த வரம்பு அது!

துள்ளலைக் கண்டுபிடிக்கச் சுலப வழி, இரண்டு விண்டோவில் இரண்டு பிங் ஓட்டுவது. ஒன்று வீட்டு ரௌட்டருக்கு, மற்றொன்று வெளியே உள்ள ஏதாவது ஒரு சர்வருக்கு. ரௌட்டருக்கான பிங்கே எகிறினால் கோளாறு வீட்டுக்குள், பெரும்பாலும் வைஃபையில். லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். ரௌட்டர் வரை ஒழுங்காக இருந்து வெளியே மட்டும் எகிறினால், அந்த நேரத்தில் வீட்டில் யாராவது பெரிய ஃபைல் இறக்குகிறார்களா, போட்டோக்கள் மேலே ஏறுகின்றனவா என்று விசாரியுங்கள். லைனின் பஃபரில் அவர்களுடைய பாக்கெட்டுகள் நீளக் கியூ கட்டி நிற்க, நம்முடைய குட்டிப் பாக்கெட் அதற்குப் பின்னால் நிற்கும். பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர். ரௌட்டரில் கியூ.ஓ.எஸ். வசதி இருந்தால் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் தங்கச்சியிடம் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம்!

முடிவுரை

நண்பர்களே, நாளை நாம் ஒரு தொழிற்சாலையிலோ சர்வீஸ் சென்டரிலோ மீட்டரைக் கையில் பிடித்து நிற்கப் போகிறவர்கள். அங்கேயும் சிவப்பு விளக்குகள் எரியும். எரிந்ததற்கெல்லாம் பாகத்தை மாற்றச் சொல்பவன் வாடிக்கையாளரின் காசைக் கரியாக்குவான். எரிந்தாலும் கண்டுகொள்ளாதவன் ஒருநாள் மெஷினையே கெடுப்பான். இந்த வேலைக்கு என்ன கெடு, கெடு உண்மையில் தவறியதா, எத்தனை தடவை தவறியது? இந்த மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்பவனே நல்ல டெக்னீஷியன். அந்தப் பழக்கத்தை வீட்டிலிருக்கும் கேம் கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்கலாம். அதற்கு லேப் ஃபீஸ்கூடக் கிடையாது.

முதலில் உணர்வோம், பிறகு அளப்போம், அதன்பின் வேண்டுமானால் அஞ்சுவோம்!